பெல்ட்டைக் கடைசிவரை இழு

ருஸ்தாவி சந்தையில் கார் வாங்கப் போனால்
முதலில் சீட் பெல்ட்டை இழு என்பாள் சியாலா.
கொஞ்சமல்ல, கடைசிவரை.
சுருள் தீர்ந்து, இனி இல்லை என்று
அதுவே பிடித்து நிறுத்தும்வரை.
அங்கேதான் இருக்கும்
யாரும் கழுவ நினைக்காத சேறு.

நான் இழுக்கவில்லை.

கதவைத் திறந்து மூடினேன்.
தொப்பென்று கனமாக விழுந்தது,
தகரச் சத்தமே இல்லை.
அதிலேயே பாதி மயங்கிவிட்டேன்.
பானெட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே
இடப்பக்கம் ஒரு காசு நுழையும் சந்து,
வலப்பக்கம் சுண்டுவிரலே நுழைந்தது.
'பெயின்ட் தடிப்பு' என்றான் கோச்சா.
'அமெரிக்காவில் ஒரு பல் டாக்டர் வைத்திருந்தது.
வீடு, கிளினிக், வீடு. அவ்வளவுதான்.'

அந்தச் சந்தையில் நிற்கும் அத்தனை காரையும்
ஒரு பல் டாக்டர்தான் ஓட்டியிருக்கிறார்.
அந்த நாட்டில் வேறு தொழிலே கிடையாது போல.

தானமாக வந்த மாட்டைத்தான்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது.
இது ஏழு வருஷ பேக்கரிச் சம்பளம்.
விடிகாலை மூன்று மணி அடுப்பு.
ஆனாலும் பார்க்கவில்லை.

முதல் மழையில் தெரிந்தது.
ஹீட்டரைப் போட்டதும்
உள்ளே ஆறு வாசம் அடித்தது.
விமானநிலையத்தில் ஏறிய பயணி
மீன் வாங்கி வருகிறீர்களா என்று கேட்டார்.
ஆமாம் என்றேன்.
வேறென்ன சொல்ல?

பிறகு ஜூலை வெயிலில் வைப்பர் தானாக ஆடியது.
மத்ஸ்கேத்தா திருப்பத்தில்
பின்கண்ணாடி அதன் இஷ்டத்துக்கு இறங்கியது,
ஒவ்வொரு முறையும் அதே திருப்பத்தில்,
யாரையோ எட்டிப் பார்க்கிற மாதிரி.
ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை.
அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன்.
டேப்புக்குப் பின்னால் எரியட்டும்.

மெக்கானிக் ஜூராப் கம்பளத்தைக் கிழித்துத் தூக்கினான்.
நகமளவு ஒரு சிப்பியை
மீதிச் சில்லறை தருவது போல
என் உள்ளங்கையில் வைத்தான்.
'லூசியானா' என்றது காகிதம்.
அன்று இரவு போனில் வரைபடத்தைத் திறந்து
அந்த ஊரைத் தேடினேன்.
நீலம், நீலம், நடுநடுவே கொஞ்சம் தெரு.
பல் டாக்டர் தப்பித்தாரா?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.
பிப்ரவரியில், ரிக்கோத்தி ஏற்றத்தில்,
சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புதுக் கார்கள்
வரிசையாய்ச் செத்து நின்றன.
என்னுடையது முனகிக்கொண்டே ஏறியது.
கோட்டு போட்ட ஒருவர் கை காட்டி ஏறி,
மூக்கைச் சுளித்து,
பிறகு கதகதப்புக்கு மூக்கைக் கொடுத்துவிட்டார்.
எனக்குப் பெருமை தாங்கவில்லை.
வெள்ளத்தில் முழுகி எழுந்த இன்ஜின், என்றேன் ஜூராப்பிடம்,
பனி என்ன செய்யும்?
அவன் சிரித்தான்.
'இந்த இன்ஜின் முழுகவே இல்லை, மாக்வாலா.
இது வேறு காருடையது.
அது பின்னால் இடிபட்டுச் செத்தது.'

அப்படியானால் நான் ஓட்டியது எதை?

நேற்று ஷோத்தா என்று ஒரு பையன் வாங்க வந்தான்.
கதவை மூடினான். தொப்.
முகம் மலர்ந்தது.
சந்தில் விரல் விட்டான். டயரை உதைத்தான்.
'முன்னால் யார் வைத்திருந்தது?'
பல் டாக்டர் நாக்கு நுனிவரை வந்துவிட்டார்.
விலையும் நல்ல விலை.

அவன் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துக் கொக்கியில் மாட்டினான்.
'அவிழ்த்துவிட்டு இன்னும் இழு' என்றேன்.
இழுத்தான்.
'இன்னும்.'
வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது,
கடைசி ஒரு சாணில்
காய்ந்த பழுப்புக் கோடு.

'தண்ணீர் எதுவரை?' என்றான்.
நான் அவன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி
மூச்சைப் பார்த்து விட்டான்.

இருநூறு டாலர் குறைத்தான்.
சரி என்றேன்.
டேஷ்போர்டில் கிடந்த சிப்பியை எடுத்து
இதுவும் காரோடு வருமா என்றான்.

அது வராது.